தேங்காய் எண்ணெய் உறைந்த நாள்

மீன்தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, "காக்கா, உங்கட அனுபவத்தக் கொஞ்சம் எழுதுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். முழங்கால் இரண்டும் மறுத்து நான் கடையை விட்ட பிறகுதான் எனக்கு அனுபவம் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் இருந்த காலத்தில் "இவர் பழைய ஆள், இவருக்கு என்ன தெரியும்" என்று வாடிக்கையாளரிடம் சொன்னவர்களில் பாதிப்பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நல்ல முழங்காலையும் தரட்டும்.

ஒரு வாரமாக உங்கள் கேள்விகளை வாசித்துக்கொண்டு வருகிறேன். சீனரி ஒட்ட எந்த டேப் நல்லது, குமிழி வராமல் எப்படித் தேய்ப்பது, கறுப்புத் தாள் எடுப்பா, நீலத் தாள் எடுப்பா. நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தொட்டியின் பின்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டும் கடல் படம், காட்டுப் படம், கற்பாறைப் படம் எல்லாவற்றுக்கும் நம் கடைகளில் சீனரி என்றுதான் பெயர். உங்கள் கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். யூடியூபில் பதிலும் இருக்கிறது, கூடவே பாட்டும் போட்டுத் தருகிறார்கள். ஆனால் சீனரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் அதைக் கேட்காமல்தான் பல வருஷம் தொழில் செய்தேன். பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், தன் வீட்டுத் தொட்டி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் வெள்ளித் தாள் ஒன்றைப் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். உள்ளே இருந்தது ஒரேயொரு சண்டை மீன். மூன்று நாள் அது தன் உருவத்தோடு மல்லுக்கட்டியது. நான்காம் நாள் இரண்டு தரப்பும் மௌத்தாகி மிதந்தன. மாஸ்டர் போன் எடுத்து, "இப்ப ஆரு வெண்ட? மீனா, நீயா?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் வகுப்பு எடுத்த மனிதரல்லவா, கேள்வி கேட்பதில் குறை வைக்கவில்லை.

அதிலும் நான் படிக்கவில்லை. என்னைப் படிப்பித்தது ஒரு ஹாஜியாரின் வீடு.

அது மாரி காலம். ஹாஜியாருக்குச் சாகாமத்துப் பக்கம் வயல். அதற்கு முந்திய போகம் வெள்ளத்தோடு போயிருந்தது. மூத்த மகளுக்குக் கட்டிய வீடு பாதியில் நின்றது. எங்கள் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீட்டைக் கட்டிவைத்த பிறகுதான் மாப்பிள்ளை தேட வேண்டும், கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீடு பார்க்க வருவார்கள். பெண்ணுக்கு ஒரு கண் இல்லாவிட்டாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு ஒரு யன்னல் இல்லாவிட்டால் சம்பந்தம் சரிவராது. ஹாஜியாரின் மகளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் அப்படித்தான் போயிருந்தது. பிள்ளைக்கு வயது இருபத்தேழு. ஊர்வாய்க்கு அது போதும்.

அவர் கடைக்கு வந்து கேட்ட கேள்வியே புதுமையாக இருந்தது.

"தம்பி, செவர்ல நாலடிக்கி ஒரு தொறப்பு கிடக்கு. அத அடைக்கிற மாதிரி ஒரு டேங்க் வேணும்."

"என்ன மீன் போடுற, ஹாஜியார்?"

"மீனப் பத்திப் பிரச்சின இல்ல. பின்னுக்கு ஒட்டுற சீனரிதான் முக்கியம். நல்ல தடிச்சதா இரிக்கணும். வெளிச்சங்கூடத் தாண்டப்படா."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முன் ஹோல் ராசா வீடு. பளிங்குத் தரை, சோபா, அந்த வாரம் பூட்டிய புது ஏசி. பக்கத்தில் ஓர் அறை, அதுவும் குறையில்லை. அதற்குப் பின்னால் வீடு முடிந்துவிட்டது, செங்கல் ஆரம்பித்தது. பூசாத சுவர், மண் தரை, மூலையில் சீமெந்துப் பைகள், மூன்று கல் வைத்த அடுப்பு. ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் அலங்கார வளைவு வைக்க விட்ட திறப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சோபாவில் யார் இருந்தாலும் செங்கல் முழுவதும் தெரியும்.

"கல் வச்சி அடைச்சிட்டாச் சரிதானே?" என்றேன்.

"அடைச்சா அதையும் பூசணும். பூசுறதுக்கு ஊருல ஒரு மேசன் இரிக்கானா? கைத்தொழில் தெரிஞ்சவனெல்லாம் கட்டாருல. வாற வெள்ளிக்கிழம மாப்பிள வீட்டார் வாறாங்க."

"உள்ளுக்குப் போய்ப் பாக்கக் கேட்டா?"

"டைல்ஸ் பதிச்சி ஈரம் காயல்ல, கால் வைக்க ஏலாது எண்டு சொல்லுவன்."

மாப்பிள்ளை கட்டாரில் இன்ஜினியர் என்று தரகர் சொல்லியிருந்தாராம். மாப்பிள்ளையின் உம்மா மருதமுனையில் தறி வைத்திருப்பவர். இதைச் சொல்லும்போது ஹாஜியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினியர் மருமகனைச் செங்கல்லுக்கு நடுவில் இருத்த முடியுமா என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தோடு ஒரு நாலடித் தொட்டியின் வியாபாரமும் வந்தது என்பதை மறைக்கவில்லை.

தொட்டியைப் பொருத்தினேன். பவளப்பாறையும் நீலக் கடலுமாக, இருந்ததிலேயே தடித்த சீனரியைத் தெரிந்து எடுத்தேன். ஒட்டுவதில் எனக்கென்று ஒரு ரகசியம் இருந்தது. நீங்கள் எல்லோரும் அதைத் திருடிவிட்டபடியால் இப்போது சொல்வதில் நட்டமில்லை: கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய். காற்று நிற்காது, படம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதுபோல மின்னும். விளிம்புக்கு மட்டும் டேப். ஹோலில் இருந்து பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் கடல் வந்து நின்றது. ஹாஜியார் மூன்று தரம் மாஷா அல்லாஹ் சொன்னார். வெள்ளிக்கிழமை நானும் நிற்க வேண்டும் என்றார். "ஏதும் ஒண்டு நடந்தா" என்றார். வாயில் நல்ல வார்த்தை வரக் கூடாதா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார்கள், மாப்பிள்ளையின் உம்மாவும் மாமாவும். வெளியே விடாத மழை. ஹாஜியார் முதல் நாள் அசர் தொழுகையிலிருந்து ஏசியை நிற்பாட்டவே இல்லை. வீடு "குளிர்ந்து கிடக்க வேணும்" என்று ஆகக் குறைந்த இலக்கத்தில் வைத்திருந்தார். வந்தவர்கள் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அது மரியாதை என்று ஹாஜியார் நினைத்தார். மீன்கள் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு சாரம்தான் இல்லை.

வட்டிலப்பம் வந்தது. மாமா ஏசியைப் புகழ்ந்தார், பளிங்கைப் புகழ்ந்தார். நான் மூலைக் கதிரையில் இருந்து என் கடலைப் பார்த்தேன். பவளப்பாறைக்கு மேலே வெள்ளையாக ஒரு புள்ளி. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு பெருநாள் தொழுகைக்கு ஆட்கள் சேருகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்து நீலத்தில் பாதியை வெள்ளை பிடித்துவிட்டது.

"கடலுக்க பூஞ்சணம் புடிச்சிரிக்கி போல" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"அது புது மொடல் சீனரி," என்றார் ஹாஜியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "நேரத்துக்கு நேரம் நிறம் மாறும்."

மாமா தலையாட்டினார். வெளிநாட்டில் இதைவிடப் பெரியதைப் பார்த்திருக்கிறாராம்.

எனக்கு விளங்கவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஏசிக்கு நேர் கீழே என் பை கிடந்தது. எடுத்து எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மெழுகு. தேங்காய் எண்ணெய் உறையும் என்று மலைநாட்டுக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நுவரெலியாப் புளுகு என்றே நினைத்திருந்தேன். கல்முனை வெக்கையில் பிறந்து வளர்ந்தவன் உறைந்த எண்ணெயை எங்கே காண்பது? தொட்டித் தண்ணீர் இரவு முழுவதும் குளிர்ந்து, கண்ணாடி குளிர்ந்து, என் ரகசியம் கட்டியாகிவிட்டது.

ஹாஜியாரின் காதோடு சொன்னேன். "ஏசியக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. எண்ண உறைஞ்சிட்டு."

"நிப்பாட்டினா கரண்டுக்குப் பயந்தவன் எண்டு நினைப்பாங்க. நீங்க பின்னால போய் ஏதும் செய்யுங்க."

தம்பிமாரே, பதற்றத்தில் இருக்கிற வாடிக்கையாளர் "ஏதும் செய்யுங்க" என்றால் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் புத்தி. எனக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை. உள்வீட்டு வாசலில் தொங்கிய திரையை விலக்கிப் பின்னால் போனேன்.

அடுப்படியில் ஹாஜியாரின் மனைவியும் மகளும் நின்றார்கள். மகள் பெண் பார்க்க வந்தவர்களுக்கென்று உடுத்த புது உடுப்பில், மண் தரையில் ஓரம் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் பக்கத்து அறைக்குப் போய் இருக்க வேண்டும், பின்னால் இருந்து வந்த தடயம் உடுப்பில் இருக்கக் கூடாது. அதுதான் திட்டம்.

சுடுதண்ணி கேட்டேன். பழைய சாரத் துண்டை நனைத்துச் சீனரியின் முதுகில் ஒற்றினேன். எண்ணெய் இளகியது. ஒற்றிய இடமெல்லாம் வெள்ளை மறைந்து கடல் திரும்பி வந்தது. நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நான் இன்னும் ஒரு தரம் ஒற்றினேன். இளகிய எண்ணெய் வழிந்து டேப்புக்குள் இறங்கியது. இடப்பக்க மேல்மூலை கழன்று தொங்கியது. பிடித்தேன். வலப்பக்கம் கழன்றது. அதையும் பிடித்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, துஆ கேட்கிறவனைப் போல் நின்றேன். கேட்கவும் செய்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் உம்மா எழுந்து வருவது தாளின் ஓரத்தால் தெரிந்தது. முகத்தைத் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பவளப்பாறைக்கு மேலே எட்டு விரல் முளைத்திருப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"காக்கா," என்றாள் ஹாஜியாரின் மகள். தேத்தண்ணிச் சாடியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். "எத்தின நேரத்துக்கு இப்பிடிப் புடிச்சிக்கி நிக்கப்போறீங்க?"

"அவங்க போகுமட்டும் தங்கச்சி."

"மறுகா? அவங்க போனதுக்குப் பொறகு ஆரு புடிக்கிற? இந்த வீட்டுல இரிக்கப்போறது நான். மாப்பிள வந்து மொத நாள் தண்ணி குடிக்க உள்ளுக்கு வரக்கொள்ள, நானா இதப் புடிச்சிக்கி நிக்கிற?"

"என்னகா பேசுறாய், வாப்பாட மானம்..." என்று உம்மா தொடங்கினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

மகள் வந்து சீனரியின் நடுவில் கை வைத்தாள். என்னிடம் அனுமதி கேட்டதுபோல ஒரு தரம் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டவர் அவளுடைய வாப்பா. அவர் என்னை நம்பி நிற்பாட்டியிருந்தார். இந்தச் சம்பந்தமும் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிடித்துக்கொண்டே நிற்க எனக்குப் பலம் இருந்தது. நான் கையை விட்டேன். அவள் இழுத்தாள்.

கடல் மண் தரையில் சுருண்டு விழுந்தது. நாலடித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் உம்மா, இந்தப் பக்கம் அவள். நடுவில் விறைத்துப்போன ஆறு மீன். இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டேன் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

திரை விலகியது. மாப்பிள்ளையின் உம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே ஹாஜியார் ஓடி வந்தார். "டைல்ஸ் ஈரம்! டைல்ஸ் ஈரம்!" மண்ணில் நின்றுகொண்டு அதை இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. சீமெந்துப் பையில் இருந்துவிட்டார்.

அந்தப் பெண்மணி நேராகச் சுவருக்குப் போய்ச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"நான் நெசவுக்காரி, ஹாஜியார்," என்றார். "துணியப் பிரட்டிப் பின்பக்கம் பாக்காம நான் நல்லம் சொல்ற இல்ல. கால் வச்ச நேரத்துல இருந்து இந்த வீட்டுட பின்பக்கத்தத்தான் தேடிக்கி இருந்தன்."

"வெள்ளத்தால..." என்றார் ஹாஜியார். வயல்காரன் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

"என்ட மகன் கட்டாருல என்ன செய்யிறார் எண்டு உங்களுக்குச் சொல்லிரிக்கி?"

"இன்ஜினியர் எண்டு தரகர் சொன்னார்."

"இன்ஜினியருக்குக் கீழ வேல செய்யிறவர்." அவர் கையை இன்னும் சுவரில் இருந்து எடுக்கவில்லை. "செவர் பூசுற மேசன். நானும் ஒரு சீனரி ஒட்டிப்போட்டுத்தான் வந்த."

மாமா ஹோலில் தனியாக வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஹாஜியார் தலையைத் தூக்கி அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். ஊரில் பூசு மேசன் இல்லை என்று கடைக்கு வந்து என்னிடம் புலம்பிய மனிதர். கிடைக்க இருந்த ஒரேயொரு மேசனிடமிருந்துதான் அந்தச் சுவரை மறைக்கப் பார்த்திருக்கிறார், அதற்கு நான் தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"மாமி," என்றாள் மகள், மாப்பிள்ளையின் உம்மாவை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டு. "அவர் மேசன் எண்டு முதல்லயே சொல்லிரிந்தா, வாப்பா இந்தச் செவர அவருக்குக் காட்டுறதுக்கெண்டே உங்களக் கூப்பிட்டிரிப்பார்."

மாமி சிரித்தார். உம்மா சிரித்தார். ஹாஜியார் அழுதுகொண்டே சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தேன். பெண்ணைக் காட்டுவதற்கு என்று ஒழுங்கு செய்த அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமி அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கல்லில் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஏசியை நிற்பாட்டச் சொன்னதும் அவர்தான்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் பாவிக்காதீர்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்வார் என்பது தெரியும். குறித்துக்கொள்ளுங்கள், ஏசி வீட்டுக்கு அது ஆகாது. ஆனால் அந்தக் குறிப்புக்காக நான் இவ்வளவு எழுதவில்லை. மீனுக்குச் சீனரி தேவையில்லை, அது கேட்கிறதும் இல்லை. சீனரி கேட்கிறவன் மனிதன். ஒரு மனிதன் மீனைவிட்டுச் சீனரியைப் பற்றியே கதைத்தால் அளவுநாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே யார் நிற்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் படம் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் ஒரு வியாபாரம் போகும். போகட்டும். நான் அன்றைக்கு அவளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், இருபத்தேழு வயதுப் பிள்ளை, தன்னைப் பெண் பார்க்க வந்த நாளில், தன் கையாலேயே அந்தத் தாளை இழுத்து விழுத்தத் தேவை வந்திராது. இன்றைக்கும் எனக்கு அது வெட்கம்தான்.

கலியாணம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு, தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒல்லியான ஆள், விரல்களில் சீமெந்து தின்ற அடையாளம். கட்டார் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். தொட்டி அதே இடத்தில் இருந்தது, பின்பக்கம் வெறுங்கண்ணாடி. பழைய கடனைத் தீர்க்கிற நினைப்பில், வெளியே நின்ற என் வேனில் இருந்து ஒரு புதுச் சீனரியைக் கொண்டுவந்து, "தம்பி, இது என்ட அன்பளிப்பு, இப்பவே ஒட்டித் தாறன். எண்ண இல்லாத புது முறை" என்றேன்.

அவர் சுருளை வாங்கி விரித்து, பவளப்பாறையை மரியாதையாகப் பார்த்தார். பிறகு தொட்டியின் ஊடாக உள்ளே கையைக் காட்டினார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அந்தச் சுவர் நின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை, பார்வை வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் நின்று அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இந்தச் செவர மறைக்கவா காக்கா," என்றார், "நான் கட்டாருல இருந்து வந்த?"